சோதித்தவர்: மெதோதேய் கஹ்லிக்

"எட்டு வாய்த் தொடர் அட்டைக்கான டிரைவர். பராமரிப்பவர்: போஹ்தானா ஸ்கௌபிலோவா. நிலை: ஆதரவு உண்டு."

கணினியின் அடிமட்டத்தில் கிடந்து மற்ற எல்லாவற்றையும் சுமக்கிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அது போகும் இடமெல்லாம் ஒரு பெயர்ப் பட்டியலும் கூடவே போகும். எந்தப் பகுதியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்கிற பட்டியல். மேலே உள்ள வரிகள் அதில்தான் இருந்தன. அட்டை என்பது மற்ற இயந்திரங்களை இணைக்கக் கணினிக்குள் செருகுகிற பலகை; டிரைவர், அதைக் கணினியோடு பேச வைக்கிற சிறு நிரல். 'ஆதரவு உண்டு' என்றால் என்ன பொருள் என்பதையும் அங்கேயே தலைப்பில் சொல்லியிருக்கிறார்கள்: இதைக் கவனித்துக்கொள்ள ஒருவருக்கு நிஜமாகவே சம்பளம் தரப்படுகிறது என்று. அந்த 'நிஜமாகவே'யைச் சேர்த்தவர் அனுபவஸ்தராகத்தான் இருக்க வேண்டும்.

போஹ்தானாவுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. ஒரு காலத்தில் தந்தார்கள். செக் நாட்டில், பிர்னோ நகரத்தின் பழைய ஆலைக் கட்டடம் ஒன்றில் அந்த அட்டைகளைச் செய்த கம்பெனி, பெரிய கம்பெனி ஒன்றின் வாய்க்குள் போய், கண்ணாடிக் கட்டடத்துக்குக் குடியேறி, மறுசீரமைப்பு என்ற பெயரில் அவளுக்கு ஒரு பூங்கொத்தும் ஒரு சொற்பொழிவும் தந்து வீட்டுக்கு அனுப்பியது. சொற்பொழிவில் அவளுடைய பெயரைச் சரியாகத்தான் உச்சரித்தார்கள். அதற்குப் பிறகு சில பல் மருத்துவர்களின் கணினிகளைப் பார்த்துக்கொண்டு பிழைத்தாள். ஆனால் பட்டியலில் இருந்த வரியை மட்டும் அவள் மாற்றவில்லை. அடுத்தவர் நிரலில் ஒரு இடைவெளி கூடுதலாக இருந்தால் கெர்னல்காரர்களின் மின்னஞ்சல் குழுவில் ஊரறியத் திட்டுகிறவள் அவள். தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பொய்யை மட்டும் வருஷக்கணக்காகத் தொடாமல் விட்டிருந்தாள். சம்பளம் நின்றதால் வேலையும் நின்றுவிட்டதாகக் கம்பெனி நினைக்கட்டும், நான் ஏன் நினைக்க வேண்டும் என்பது அவளுடைய வாதம்.

வாதத்துக்கு ஒரு சாட்சியும் இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த ஒரு பேக்கரியின் அடுப்பு வரிசை. மாவு பிசைகிற இயந்திரம், அடுப்பின் வெப்பம், ரொட்டிகளை எண்ணித் தள்ளுகிற பட்டை எல்லாமே அந்த எட்டு வாய் அட்டை வழியாகத்தான் கணினியோடு பேசின. அங்கே மின்பணியாளராக இருந்தவர் மெதோதேய் கஹ்லிக். சனிக்கிழமை காலைகளில் ஷலினா, அதாவது ஊர் டிராம், ஏறி வந்து, ஒரு பை நிறைய ரோஹ்லிக் கொண்டுவந்து கொடுப்பார். மேலே உப்பும் கசகசாவும் தூவிய, கொம்பு போல வளைந்த ரொட்டி. பிர்னோவில் அது இல்லாமல் யாருக்கும் பொழுது விடியாது.

"உங்க டிரைவர் சுட்டது, இன்ஜினியரம்மா" என்பார். அந்த ஊரில் பட்டத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்வது, கால்சட்டை போடாமல் வெளியே போவதற்குச் சமம்.

"டிரைவர் சுடலை, கஹ்லிக் சார். அடுப்புதான் சுட்டுது."

"அடுப்புக்கு என்ன தெரியும்? நீங்க சொன்னாத்தானே அது சுடும்."

இந்த உரையாடலில் புதிதாக ஒரு சொல்கூட வராது. இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

வினை கம்பைலர் ரூபத்தில் வந்தது. மனிதர் எழுதுகிற நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலரின் வேலை. முன்பெல்லாம் அது சொன்னதைச் செய்துவிட்டுப் போய்விடும். வயது ஏற ஏற அதற்கு வாய் நீண்டுவிட்டது. புதிய பதிப்பு எல்லாவற்றையும் சந்தேகித்தது. 'இந்த வரிசையில் ஒரு இடம்தானே இருக்கிறது, நீ ஏன் இருபதாவது இடத்தில் எழுதுகிறாய்?' என்று கேட்டது.

கேள்வியில் நியாயம் இருந்தது. பழைய கெர்னல்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பந்திக்கு ஒரே ஒரு இலை என்று கணக்கில் காட்டுவார்கள். வருகிறவர்களின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி பாயை மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டே போவார்கள். இடம் ஒதுக்கும்போது, 'ஒரு இலைதான் ஏற்கெனவே போட்டாயிற்றே' என்று ஒன்றைக் கழித்துக்கொள்வார்கள். எழுதினவருக்கும் படிப்பவருக்கும் இது புரியும். சாப்பிடுகிறவருக்கு ஒரு குறையும் இல்லை. கம்பைலருக்கு மட்டும் இலை ஒன்றுதான் கண்ணில் படும். உலகம் முழுவதும் இந்த மாதிரிப் பழைய பந்திகள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. எல்லாவற்றையும் சரிசெய்து கம்பைலரின் எச்சரிக்கையே இல்லாத கெர்னலைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது.

அந்தக் கூட்டத்துக்குப் பிர்னோவில் தலைவன் ராதிம். கண்ணாடிக் கட்டடத்தில் வேலை. முன்பு போஹ்தானாவிடம் வேலை கற்றவன், பூங்கொத்து கொடுத்த நாளில் கைதட்டியவன். நல்லவன்தான். நல்லவர்களுக்கே உரிய அவசரமும் அவனிடம் இருந்தது. எச்சரிக்கை தந்த இடங்களையெல்லாம் ஒரு சின்ன நிரலைக் கொண்டு ஒரே மாதிரி மாற்றி, கட்டுக் கட்டாக அனுப்பினான். 'ஒரு இலை' என்பதை அழித்துவிட்டு 'இலைகள், எத்தனை என்று பிறகு' என்று போடுவதுதான் மாற்றம். போஹ்தானாவின் டிரைவருக்கும் அப்படி ஒன்று வந்தது.

கணக்கில் இருந்த ஒரு இலையை எடுத்துவிட்டான். கழித்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டான். ஆக, கடைசி ஆள் தரையில்.

அவள் அஞ்சல் குழுவில் பதில் எழுதினாள். பிழையைச் சுட்டிக்காட்ட இரண்டு வரி போதும். அவள் அந்த இரண்டு வரியை எழுதிவிட்டு, அதற்குக் கீழே இன்னும் நிறைய எழுதினாள். புகைகிறது என்று காட்டும் மணியின் வாயில் துணி அடைப்பவர்களைப் பற்றி. படிக்காமல் திருத்துகிறவர்களைப் பற்றி. முக்கியமாக, தன் கையால் ஓட்டிப் பார்க்காத ஒன்றின் அடியில் பெயர் போடுகிறவர்களைப் பற்றி. உலகத்தின் நாலு மூலையிலும் இருந்தவர்கள் அதைப் படித்து ரசித்தார்கள். திட்டு தங்கள்மேல் விழாதவரை திட்டு இலக்கியம்தான்.

ராதிம் அவளைப் பீர் குடிக்கக் கூப்பிட்டான். மதிய நேரம். சுவரெல்லாம் பழுப்பேறிய ஒரு கடை. ஊறுகாய் போட்ட தடித்த சாஸேஜ் இரண்டு தட்டில் வந்தது.

"நல்லா கிழிச்சுட்டீங்க" என்றான். "எங்க அமெரிக்க மேனேஜர் அதை பிரிண்ட் எடுத்து வச்சிருக்கார்."

"தலைகீழா மாட்டச் சொல்லு. அப்பவாவது படிப்பார்."

"தப்பு என்னோடதுதான். ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவப்படக் கூடாது. அந்த அட்டையை இன்னும் யாராவது வச்சிருக்காங்களா?"

"ரோஹ்லிக் தின்னியா காலைல?"

"தின்னேன்."

"அப்ப பேசாம இரு."

ராதிம் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "மேல பேசிட்டாங்க. இவ்வளவு பழைய டிரைவருக்கு இனிமே வெறும் பேச்சு செல்லாது. நீங்களே சரியா திருத்தி அனுப்புங்க. ஆனா நிஜ அட்டையில ஓட்டிப் பார்த்தோம்னு ஒருத்தர் பேர் வேணும். இல்லைன்னா அடுத்த பதிப்புல தூக்கிடுவாங்க. எச்சரிக்கையைச் சரிபண்றதை விட டிரைவரை அழிக்கறது சுலபம். அழிச்ச நிரல்ல எச்சரிக்கையே வராது."

"இதை நீ சொல்றியா, உன் மேனேஜர் சொல்றாரா?"

"நான் சொன்னா அடிப்பீங்க. அதனால அவர் சொல்றார்."

அவளிடம் ஒரு அட்டை இருந்தது. சமையலறை அலமாரியில், வெள்ளரிக்காய் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால், அட்டைப்பெட்டியில். ஆனால் அதைச் செருகுவதற்கான துளை உள்ள கணினி போன குளிர்காலத்தில் புகைவிட்டுச் செத்துப்போயிருந்தது. அந்தத் துளை இப்போது வரும் கணினிகளில் இல்லை. கையில் கடிவாளம் இருக்கிறது, குதிரை இல்லை. குதிரை இருந்த ஒரே இடம் பேக்கரி.

திருத்தத்தை அவள் ஒழுங்காக உட்கார்ந்து எழுதினாள். இலையையும் மாற்றினாள், கழித்ததையும் மாற்றினாள். கம்பைலர் அப்போதும் முணுமுணுத்தது. வருகிற தரவுக்கு உச்சவரம்பு எங்கே என்று கேட்டது. 'இந்த அட்டையால் அதற்கு மேல் அனுப்பவே முடியாது, முட்டாளே' என்று அவளுக்குத் தெரியும். கம்பைலருக்குத் தெரியாது. அதன் மனம் குளிர ஒரு வரி சேர்த்தாள்: வரும் நீளத்தை ஒதுக்கிய இடத்தோடு ஒரு குறி போட்டு ஒப்பிடு, அடங்காவிட்டால் ஏற்காமல் திருப்பி அனுப்பு. கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. தேவையில்லாத வரி என்பதால் அதை அவள் அலட்சியமாகத்தான் எழுதினாள். விருந்தாளிக்குப் பிடிக்கும் என்று தனக்குப் பிடிக்காத பலகாரத்தைச் செய்கிற மாதிரி.

பிறகு கஹ்லிக்குக்குத் தொலைபேசியில் சொன்னாள். என்ன செய்ய வேண்டும், எந்தக் கோப்பை எங்கே போட வேண்டும் என்று விளக்கினாள்.

"இப்பவேவா, இன்ஜினியரம்மா?"

"ஏன், அடுப்பு சூடா இருக்கா?"

"இல்ல... அறுவடைத் திருவிழா வருது. ஆர்டர் நிறைய. லைனை நிறுத்த முடியாது."

திருவிழா முடிந்ததும் கேட்டாள். மேற்பார்வையாளர் விடுப்பில் இருந்தார். விடுப்பு முடிந்து வந்ததும் கேட்டாள். கஹ்லிக்குக்கு முதுகுவலி. அதற்குள் அஞ்சல் குழுவில் இரண்டு நினைவூட்டல்கள் வந்துவிட்டன. 'சோதித்தவர் யாராவது உண்டா? இல்லையென்றால் நீக்கும் திருத்தம் தயாராக இருக்கிறது' என்று மேலே இருந்த ஒருவர் மரியாதையாக எழுதியிருந்தார். மரியாதை அவளைப் பயமுறுத்தியது. அந்தக் குழுவில் கொல்லுகிறவர்கள் மட்டும்தான் மரியாதையாக எழுதுவார்கள்.

"கஹ்லிக் சார், இந்த வாரம் நீங்க ஓட்டிப் பாக்கலைன்னா டிரைவரை எடுத்துடுவாங்க. அப்புறம் உங்க பேக்கரிக்குப் புது கெர்னல் போட முடியாது. உங்களுக்காகத்தான் நான் இவ்வளவு மல்லுக்கட்டறேன்."

"எனக்காகவா?"

"வேற யாருக்காக?"

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "ஓட்டிப் பாத்துட்டேன், இன்ஜினியரம்மா. வெண்ணெய் மாதிரி போகுது."

"எட்டு வாயும்?"

"எட்டும்."

"திரையில என்ன வந்துது?"

"பச்சை."

"பச்சைன்னா?"

"எல்லாம் பச்சை."

வேறு யாராவது 'எல்லாம் பச்சை' என்று சொல்லியிருந்தால் அவள் அவரைத் தோலுரித்திருப்பாள். எந்த அளவில், எந்த வேகத்தில், திரையில் வந்ததை அப்படியே அனுப்பு என்று கேட்டிருப்பாள். அன்று கேட்கவில்லை. பச்சை என்றால் பச்சைதான் என்று எடுத்துக்கொண்டாள். திருத்தத்தின் அடியில், வழக்கப்படி, தன் பெயருக்கு மேலே ஒரு வரி சேர்த்தாள்: 'சோதித்தவர்: மெதோதேய் கஹ்லிக்.' அது உள்ளே போயிற்று. ராதிம் அதைப் படித்துச் சரிபார்த்ததாகத் தன் பெயரையும் போட்டான்.

கெர்னலில் ஏறிய பெயரை இறக்க முடியாது. சரித்திரம் என்று அதற்குப் பெயர். யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்பது கல்வெட்டு மாதிரி நிற்கும். கஹ்லிக்கின் பேத்தி அந்தப் பக்கத்தைத் தேடியெடுத்து, வண்ணத்தில் அச்சடித்து, சட்டம் போட்டுக் கொடுத்தாளாம். அவர் அதைத் தன் வீட்டுக் கூடத்தில், ஆட்டக்கார நண்பர்களோடு எடுத்த கால்பந்துப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். மறு சனிக்கிழமை இரண்டு பை ரோஹ்லிக் கொண்டுவந்தார்.

கம்பைலரின் வாய் மூடிய சாதனைக்காகக் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். நினைவக எல்லை குறித்த எச்சரிக்கைகளை எப்படிச் சரியாகத் திருத்துவது என்று இளையவர்களுக்குச் சொல்ல ராதிம் அவளை அழைத்தான். தன்னை வீட்டுக்கு அனுப்பிய கட்டடத்திலேயே மேடை ஏறப் போவதில் அவளுக்கு ஒரு குரூரமான சந்தோஷம். வாசலில் அவளுக்கு 'பார்வையாளர்' என்று எழுதிய அட்டை தந்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டாமல் பையில் போட்டுக்கொண்டாள்.

பேச்சு நன்றாகப் போயிற்று. பந்தி, இலை, கழித்தல் எல்லாவற்றையும் சொல்லிச் சிரிக்க வைத்தாள். கடைசியாகத் தன் திருத்தத்தைத் திரையில் போட்டாள். எழுத்து ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

"இந்த வரியைப் பாருங்க" என்றாள். "கம்பைலருக்காகச் சேர்த்தது. வர்ற நீளம் ஒதுக்கின இடத்தை விட..."

நிறுத்தினாள். 'பெரியதாக இருந்தால்' என்ற குறி இருக்க வேண்டிய இடத்தில் 'சிறியதாக இருந்தால்' என்ற குறி இருந்தது. கோண வாய் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது. இடத்துக்குப் பொருந்துகிற எல்லாவற்றையும் அந்த வரி திருப்பி அனுப்பிவிடும். பொருந்தாததை மட்டும்தான் உள்ளே விடும். அந்த அட்டையோ பொருந்தாத எதையும் அனுப்பத் தெரியாதது. அதாவது இந்த டிரைவரைப் போட்டால் எட்டு வாயிலிருந்தும் ஒரு எழுத்துக்கூட வராது. எல்லையை ஒப்பிட ஒரு வரி இருக்கிறதா என்பதுதான் கம்பைலரின் கேள்வி, குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதல்ல. கம்பைலர் திருப்தியோடு வாயை மூடியதில் ஆச்சரியம் இல்லை.

அறையில் இருந்த அத்தனை பேரும் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் குறிப்பெடுத்தார்கள். முன்வரிசையில் ஒருவன் ஆமோதித்துத் தலையாட்டினான். ஒருவருக்கும் தெரியவில்லை.

"...விட அதிகமானா திருப்பி அனுப்பிடும்" என்று முடித்தாள். "ஏதாவது கேள்வி?"

ஒரு காபிக் குவளையைப் பரிசாகக் கொடுத்தார்கள். கம்பெனியின் சின்னம் போட்டது.

ஷலினாவில் திரும்பும்போது அவளுக்குத் தன் பிழை பெரிதாகத் தோன்றவில்லை. குறி மாறிப்போவது யாருக்கும் நடப்பது. உறுத்தியது வேறொன்று. எல்லாம் பச்சை. வெண்ணெய் மாதிரி போகுது. எட்டும்.

மறுநாள் காலை பஸ் பிடித்து கஹ்லிக்கின் ஊருக்குப் போனாள். அவர் தோட்டத்தில் ஆப்ரிகாட் மரங்களின் அடியில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தூரிகையை வாளிக்குள் வைத்தார்.

"பேக்கரிக்குப் போலாமா, கஹ்லிக் சார்? அந்தக் கணினியை ஒரு தடவை பாக்கணும்."

"ஒரு ஸ்லிவோவிட்ஸ் ஊத்தட்டுமா? போன வருஷத்து பிளம்ல காய்ச்சினது. நல்லா வந்திருக்கு."

"பேக்கரிக்குப் போலாமா?"

அவர் மரத்தைப் பார்த்தார். "பழைய லைனை எடுத்துட்டாங்க."

"எப்ப?"

"போன ஈஸ்டருக்கு முன்னாடி. புது அடுப்புல கம்ப்யூட்டர் உள்ளயே வருது. தொட்டா பேசுது. மின்பணியாளரும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. எனக்கும் பென்ஷன் வயசுதானே."

"போன ஈஸ்டரா? அப்ப நான் கேட்டப்ப அந்த அட்டை..."

"பழைய இரும்புக் கடையில. நான்தான் கழட்டினேன். கவனமாத்தான் கழட்டினேன்" என்று அதற்குச் சான்றிதழ் கேட்டது போல அவசரமாகச் சேர்த்தார்.

"எட்டும் பச்சைன்னு சொன்னீங்களே!"

"நீங்க அவ்வளவு ஆசையா கேட்டீங்க, இன்ஜினியரம்மா. எனக்காக மல்லுக்கட்டறேன்னு சொன்னீங்க. எனக்காகன்னு ஒருத்தங்க மல்லுக்கட்டும்போது, அடுப்பே இல்லைன்னு எப்படிச் சொல்றது? சரியாத்தான் எழுதியிருப்பீங்கன்னு நினைச்சேன். நீங்க எப்பவாவது தப்பா எழுதியிருக்கீங்களா?"

"அப்ப சனிக்கிழமை ரோஹ்லிக்?"

"அது... பாலத்துக்கிட்ட சூப்பர்மார்க்கெட். காலைல சீக்கிரம் போனா சூடா இருக்கும்."

கோபப்படத்தான் வந்தாள். ஆனால் கோபம் எந்தப் பக்கம் போனாலும் திரும்பித் தன்மேலேயே வந்து விழுந்தது. சம்பளம் உண்டு என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். பேக்கரி உண்டு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவர் பொய்யை மற்றவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் தின்றுகொண்டிருந்தார்கள்.

"நீங்க சொன்னதை நான் எழுதி அனுப்பியாச்சு. உங்க பேரோட."

"தெரியும். மாட்டி வச்சிருக்கேன்" என்றார் கஹ்லிக். பிறகு தயங்கிக் கேட்டார்: "அதை எடுக்கணுமா?"

"சட்டத்தையா?"

"பேரை."

"அது முடியாது."

அவர் முகத்தில் வந்தது நிம்மதியா அவமானமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஸ்லிவோவிட்ஸைக் குடிக்காமலே கிளம்பினாள்.

ராதிமிடம் சொன்னாள். அவன் கணினியில் அந்த வரியைத் திறந்து பார்த்து, நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"நானும் பாக்கலையே!"

"படிச்சு சரிபார்த்ததா பேர் போட்டியே?"

"நீங்க எழுதினதை நான் என்னத்த படிக்கறது!" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "விடுங்க. ஒரு குறிதானே. திருப்பிப் போட்டு, 'சிறு பிழை திருத்தம்'னு அனுப்பிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது? இத்தனை மாசமா ஒரு ஆள்கூட வேலை செய்யலைன்னு புகார் பண்ணலை."

"அதுதான் சொல்றேன். ஒரு ஆள்கூட."

"சரி, இல்லைன்னே வச்சுக்குவோம். இருந்துட்டுப் போகட்டும். யாருக்கு பாரம்? உங்க பேர் பட்டியல்ல இருக்கும். அந்தப் பெரியவர் பேரும் நல்லபடியா இருக்கும். நீங்களே போய்க் கிளறினா, இனிமே நீங்க எதை அனுப்பினாலும் ரெண்டு தடவை பாப்பாங்க."

"ரெண்டு தடவை பாக்கட்டுமே. இப்ப ஒரு தடவைகூட பாக்கலை."

"உங்களுக்கு இதனால என்ன லாபம்?"

லாபம் இல்லாத ஒன்றை எதற்குச் செய்கிறாய் என்று கேட்கிறவர்களோடு வாதாடி வாதாடித்தான் இத்தனை வருஷம் அந்த டிரைவரைக் காப்பாற்றி வைத்திருந்தாள். இப்போது அதே கேள்வி எதிர்த் திசையிலிருந்து வந்து நின்றது. மல்லுக்கட்டியது பேக்கரிக்காக என்று சொல்லிக்கொண்டது பொய். கஹ்லிக்குக்காக என்பதும் பொய். பட்டியலில் தன் பெயர் இருந்தால் தான் எங்கோ தேவைப்படுகிறோம் என்று காலையில் எழுந்திருக்கலாம். அவ்வளவுதான் விஷயம். அதற்காக ஒரு பென்ஷன்காரரைக் கல்வெட்டில் பொய்சாட்சி சொல்ல வைத்திருந்தாள்.

இரண்டு நாள் அவள் பல் மருத்துவர்களின் தொலைபேசியை எடுக்கவில்லை. குறியைத் திருப்பிப் போடும் திருத்தத்தை எழுதி வைத்தாள். மாற வேண்டியது ஒரே ஒரு எழுத்து. அதற்கு அடியில் சோதித்தவர் யார் என்று எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் கை நின்றது. அலமாரியைத் திறந்து ஜாடிகளுக்குப் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்தாள். மூடினாள். எழுதியதை அழித்தாள்.

பிறகு வேறொன்றை எழுதினாள். அதற்கு வந்த பதில்கள் சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருந்தன. ராதிம் ஒன்றும் எழுதவில்லை. கஹ்லிக் அதற்குப் பிறகு வரவில்லை. சட்டத்தை இறக்கினாரா என்று அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

தான் எழுதிய டிரைவரை முழுவதுமாக நீக்கும் திருத்தத்தைப் போஹ்தானா ஸ்கௌபிலோவாவே அனுப்பினாள். தன்னுடைய முந்தைய திருத்தத்தில் குறி தலைகீழாக இருந்தது, அதில் சொன்ன சோதனை நடக்கவில்லை, இந்த அட்டையைப் பயன்படுத்துகிறவர் எவரும் இல்லை என்று அதில் எழுதி, அடியில் தன் பெயரை மட்டும் போட்டாள்.